தாயில்லாக் குஞ்சுகள்

அடைக்கோழி 21 நாள் அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும். பொரித்த பின்னும் அவற்றைத் தன் சிறகின்கீழ் அணைத்துக் காக்கும். பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுக்கோ அவ்வணைப்பு இல்லை. மென்தூவி போர்த்த அதன் உடல், தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள வல்லதன்று. ஆதலின், முட்டைக்குப் பேர்பெற்ற நாமக்கல்லிலும் ஆத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலும் குஞ்சு வளர்ப்போர், அறையினுள் உமி பரப்பி, தகட்டை வட்டமாக வளைத்து நிறுத்தி, நடுவே மின்விளக்கைத் தாழத் தொங்கவிடுவர்.

வந்திறங்கிய குஞ்சுக்குத் தீனியினும் நீரே முந்தியது. வயிற்றில் எஞ்சிய மஞ்சட்கரு இரண்டொரு நாள் பசி தாங்கும். நீர்த்தட்டில் கூழாங்கற்கள் இடுதல் நன்று. இல்லையேல் குஞ்சு விழுந்து நனையும். நனைந்த குஞ்சு குளிரில் பிழைப்பது அரிது.

முதல் வாரம் 35 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் 3 பாகை குறைக்கலாம். வெப்பமானி இல்லையெனினும் குஞ்சுகளே அளவு காட்டும். விளக்கடியில் நெருக்கியடித்து நின்றால் குளிர் மிகுதி. தகட்டோரம் ஒதுங்கி வாய்திறந்து இளைத்தால் வெப்பம் மிகுதி. எங்கும் பரவி உறங்கினால் குறைவொன்றும் இல்லை.

மார்கழி இரவில் மின்சாரம் நின்றுவிடின் இடர் பெரிது. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அடியில் அகப்பட்டவை மூச்சுத் திணறி மடியும். அதனை அறிந்தோர் கரியடுப்பை ஆயத்தமாக வைத்திருந்து மூட்டுவர். நச்சுப்புகை தங்காதவாறு சாளரத்தையும் சற்றே திறப்பர். விடியுமளவும் ஒருவர் விழித்திருப்பதும் உண்டு.