வாங்குபவர் மகன், பாவிப்பவர் தாய்

கடந்த மாதம் பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி வழியாக மண்கும்பானுக்குச் சென்றிருந்தேன். கனடாவில் வசிக்கும் நண்பர் ஒருவர், ஊரில் தனியே இருக்கும் தனது தாயாருக்கு வீட்டு உதவி ரோபோ ஒன்றை அனுப்ப விரும்பி, இறக்குமதி விபரங்களை என்னிடம் விசாரித்திருந்தார். விலையை விசாரிக்க முன்னர், பாவிக்கப் போகிறவரிடம் கேட்பதே முறை என்று எனக்குப் பட்டது.

"தம்பி, உது கிணத்திலை தண்ணி அள்ளித் தருமோ?" இதுதான் அந்த அம்மாவின் முதல் கேள்வி. கட்டிலுக்குக் கீழே உருண்ட மாத்திரையை எடுத்துத் தருமா என்பது இரண்டாவது. இன்று சந்தையில் கிடைப்பவை தரையைக் கூட்டும், மருந்து நேரத்தை நினைவூட்டும், கதைக்கும், கமரா மூலம் பிள்ளைகளுக்கு வீட்டைக் காட்டும் என்று விளக்கினேன். கமரா என்றதும் அவரது முகம் மாறியது. "நான் விழுந்தா அவனுக்குத் தெரியத்தான் வேணும். எப்ப எழும்புறன், என்ன சாப்பிடுறன் எண்டு பாத்துக்கொண்டிருக்க நான் என்ன குழந்தையே?" என்றார். குளிக்க வார்ப்பதற்கோ, இயந்திரம் வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளை போதுமாம்.

இது ஒரு கிராமத்து மூதாட்டியின் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள், 65 முதல் 93 வயது வரையான 21 பேரிடம் கேட்டறிந்து 2014இல் வெளியிட்ட ஆய்வும் இதையே கூறுகின்றது. வீட்டு வேலை, பொருட்களை எடுத்துத் தருதல், தகவல்களை நினைவூட்டுதல் ஆகியவற்றுக்கு ரோபோவை அவர்கள் விரும்பினர். உடலைத் தொட்டுச் செய்யும் பராமரிப்புக்கு மனிதரையே விரும்பினர். முதியோர் இயந்திரத்தை வெறுப்பதில்லை, எந்த வேலைக்கு எது என்று தரம் பிரிக்கின்றனர் என்பதே உண்மை.

வியாபாரிகள் தவறுவது இங்கேதான். பணம் கொடுப்பவர் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை. அவருடைய கவலைக்கு மருந்து கமரா. ஆனால் பாவிப்பவரின் தேவை தண்ணீரும் மாத்திரையும். பிள்ளையை மட்டும் திருப்திப்படுத்தி விற்ற பொருள், தாயின் வீட்டு மூலையில் துணி போர்த்தியபடி கிடக்கும்.

விலையையும் பார்ப்போம். ஜப்பானில் 2005 முதல் விற்பனையாகும் 'பாரோ' என்ற கடல்நாய் (சீல்) வடிவ ரோபோ, மறதி நோயுள்ள முதியோருக்கு ஆறுதலளிக்கப் பல நாடுகளில் பயன்படுகிறது. அதன் விலை ஏறத்தாழ 6,000 டொலர். டொலரை 300 ரூபாவாகக் கணக்கிட்டாலும் 18 இலட்சம் ரூபா. அதற்குப் பின்னர் திருத்துவது யார்? 2017இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'ஜிபோ' என்ற பேசும் ரோபோ, தனது சேர்வர்கள் நிறுத்தப்படவுள்ளதாக 2019இல் தானே உரிமையாளர்களிடம் சொல்லி விடைபெற்றது. கம்பனி வீழ்ந்தால் பொருளும் ஊமையாகிவிடும் என்பதற்கு இது நல்ல உதாரணம். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நாட்டில், மின்னேற்றத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். மண்கும்பானிலோ மணலும் உப்புக் காற்றும் வாசற்படியும் வேறு.

அடுத்தது மொழி. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உருவான 'மிரோப்' என்ற உதவி ரோபோ, "கொஞ்சம்", "கிட்ட" போன்ற அளவு சொல்லாத வார்த்தைகளை விளங்கிக்கொள்ள வைக்கும் ஆராய்ச்சிக்காகவே பயன்பட்டது. நம் நாட்டிலேயே நடந்த பெறுமதியான முயற்சி இது. ஆயினும் யாழ்ப்பாணத்துப் பேச்சில் "இங்கை", "அங்கை" என்பவற்றோடு, கேட்பவருக்குக் கிட்டவுள்ள இடத்தைச் சுட்டும் "உங்கை" என்றொரு சொல்லும் உண்டு. "உதை உங்கை வை" என்று அம்மா சொன்னால் விளங்காத இயந்திரம் அந்த வீட்டில் நிலைக்காது.

நண்பருக்கு இப்படி எழுதினேன்: முதலில் கிணற்றுக்கு மோட்டார் பூட்டி, அதன் ஆளியைச் சமையலறையில் வையுங்கள். குளியலறையில் கைபிடி பொருத்துங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மாதாந்தம் ஒரு தொகை கொடுங்கள். இவற்றுக்கு 18 இலட்சம் தேவையில்லை. ரோபோவைப் பிறகு பார்க்கலாம்.

புறப்படும்போது அம்மா ஒரு நிபந்தனையும் சொன்னார்: "வாறதெண்டால் வரட்டும். ஆனா கமராவை மூடுற சுவிச்சு என்ரை கையிலை இருக்கவேணும்."

இத்துறையில் முதலிட விரும்பும் சகோதரர்கள், விலைப்பட்டியலைத் தயாரிக்க முன்னர் இந்த நிபந்தனையை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.