இலவசத்துக்குத் தேதி, செலவுக்கு எண்ணிக்கை

பள்ளிக்கரணையில் முதல் குழந்தையை எதிர்பார்க்கும் வீடுகளில் பிரசவச் செலவைப் பற்றியே பேச்சு ஓடும். அந்த பில் ஒரே நாளில் வருவதால் கண்ணில் படுகிறது. முதல் ஆண்டின் மற்ற கணக்கை இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்கள். இலவசமாகக் கிடைப்பவற்றுக்கெல்லாம் ஒரு தேதி உண்டு. காசு கரைவதெல்லாம் தினசரி எண்ணிக்கையில்.

தேதிப் பத்தி

12 வாரத்துக்குள்: பகுதி நர்ஸிடம் கர்ப்பத்தைப் பதிந்து, அந்தப் பதிவுக்கான பிக்மி எண் வாங்குங்கள். தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கும் இது வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தில் 19 வயது நிறைந்த தாய்க்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் உண்டு: ரொக்கம் 14,000, தலா 2,000 மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகம் இரண்டு.

37வது வாரம்: இதற்கு மேல் எந்த நாளும் வலி எடுக்கலாம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மிக்ஜாம் புயல் மழைக்குப் பின் பள்ளிக்கரணைத் தெருக்களில் படகு விட வேண்டியிருந்தது. நவம்பர், டிசம்பரில் நாள் குறித்திருந்தால், தண்ணீர் நிற்காத பகுதியில் உள்ள உறவினர் வீட்டுக்கு இந்த வாரமே போய்விடுங்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் பிளாஸ்டிக் கவரில் கூடவே போகட்டும்.

26 வாரம்: 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தபடி, வேலைக்குப் போகும் தாய்க்கு முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் கிடைக்கும் விடுப்பு. பிரசவத்துக்கு முன்பு 8 வாரம் வரை எடுக்கலாம். எடுத்தால் பின்னால் 18தான் மிச்சம். தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டிய 6 மாதமும் இந்த 26 வாரமும் ஏறத்தாழ ஒன்று. உடம்பு இடம் கொடுத்தால் முன்விடுப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

21 நாள்: பிறப்பைக் கட்டணமின்றிப் பதியும் கெடு. பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் வயதுச் சான்று பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். அதை வாங்கிய அன்றே எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

6, 10, 14 வாரம், 9 மாதம்: பிறந்தவுடன் போடும் பிசிஜி, போலியோ, ஹெபடைடிஸ்-பி தடுப்பு மருந்துகளுக்குப் பிறகு முதல் ஆண்டில் இந்த நான்கு முறை. அரசு சுகாதார நிலையங்களில் வழக்கமாகப் புதன்கிழமை, இலவசம். வெளியே ஆயிரக்கணக்கில் விலையுள்ள நிமோனியா தடுப்பூசியும் 2021 முதல் இதில் அடக்கம். மகப்பேறு உதவியின் பிற்பகுதித் தவணைக்கும் இந்த ஊசிக் கணக்கைத்தான் பார்ப்பார்கள்.

எண்ணிக்கைப் பத்தி

டயப்பர்: முதல் 90 நாள் தினம் 8, மீதி 275 நாள் தினம் 5. மொத்தம் 2,095. ஒன்று 10 ரூபாய் என்றால் 20,950. இரவுக்கு மட்டும் ஒன்று என்றால் 3,650.

பகலுக்குத் துணி. நாளுக்கு 12 மாற்றினால், இரண்டு நாளில் காயும் பருவத்தில் 24 போதும். மூன்று நாளாகும் ஐப்பசி, கார்த்திகையில் 36 வேண்டும். ஒன்று 40 ரூபாய்க்கு வாங்கினாலும் 1,440. பழைய வேட்டியைக் கிழித்தால் அதுவும் இல்லை. மிச்சம் 15,860க்குக் குறையாது.

துணியில் இன்னொரு லாபமும் உண்டு. ஐந்தாம் நாளுக்குப் பிறகு குழந்தை தினம் ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று பொருள். டயப்பரில் அந்தக் கணக்குத் தெரியாது. குறைந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பால் பவுடர்: 5 கிலோ குழந்தைக்கு நாளுக்குச் சுமார் 750 மில்லி. 30 மில்லிக்கு ஏறக்குறைய 4.5 கிராம் என்றால் 112 கிராம் பவுடர். 400 கிராம் டப்பா ஏறக்குறைய மூன்றரை நாள்தான் வரும். டப்பா 450 ரூபாய் என்றால் மாதம் 3,800. டாக்டர் சொன்னால் ஒழிய வேண்டாத செலவு.

தாயின் தட்டு: பாலூட்டும் முதல் 6 மாதம் தினம் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆர். இரண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம் அதற்குச் சரியாக வரும். நாளுக்கு 50 ரூபாய் என்றாலும் மாதம் 1,500.

தண்ணீர்: கத்திரி வெயிலிலும் 6 மாதம் வரை குழந்தைக்கு 0 மில்லி. தாய்ப்பாலிலேயே போதுமான நீர் இருக்கிறது.

கடைசியாக, ஊர்க் கணக்கு. 2022-இல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறிய நம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 1,247.54 ஹெக்டேர், பெருங்குடிக் குப்பைக் கிடங்கு அதன்மேல்தான் வளர்ந்தது. இரவு டயப்பரைக் காகிதத்தில் சுற்றி, மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள்.  2,095 என்பது 365 ஆனால், வீட்டுச் செலவு குறைவதோடு, ஊர்க் குப்பைக்குப் போகும் டயப்பரும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறையும்.