கானாவூர்க் கல்யாணமும் கல்முனைக் கல்யாணமும்

கல்முனையில் ஒரு கிறிஸ்தவ வீட்டில் கல்யாணம் என்றால் சபையாருக்கும், இந்து உறவினருக்கும், முஸ்லிம் அயலவருக்கும் அழைப்புப் போகும். முஸ்லிம் விருந்தினருக்கென ஹலால் இறைச்சி வாங்கி, அவர்களுடைய சமையற்காரரையே அழைத்துச் சமைப்பிக்கும் வீடுகள் உண்டு. நல்ல வழக்கம். ஆனால் பொழுது சாய்ந்ததும் பின்வளவில் போத்தல் திறக்கப்படும். கேட்டால், "ஆண்டவரே கானாவூரில் தண்ணீரைத் திராட்சரசமாக்கினாரே" என்பார்கள்.

அது வெறும் பழச்சாறு என்று சொல்லித் தப்பிவிட முடியாது. நம்மில் பலர் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் கானாவூரில் 'திராட்சரசம்' என்றும், எபேசியர் 5:18இலும் ரோமர் 14:21இலும் 'மதுபானம்' என்றும் இருக்கிறது. கிரேக்கத்தில் மூன்று இடத்திலும் 'ஒய்னோஸ்' என்ற ஒரே சொல்தான். ஆண்டவர் கொடுத்ததும், வெறிகொள்ளாதே என்று பவுல் எச்சரித்ததும் ஒரே பானம். தீமோத்தேயுவுக்குக் கொஞ்சம் குடிக்கச் சொன்னதும் அதையே. ஆனால் அது வயிற்று நோய்க்காக. கால் போத்தல் சாராயத்துக்கு அந்த வசனம் உதவாது.

சபைகளும் ஒரே குரலில் பேசுவதில்லை. கத்தோலிக்கர் திருப்பலியில் திராட்சை மதுவையே பயன்படுத்துகிறார்கள். குடிப்பதையல்ல, அளவு மீறுவதையே பாவம் என்கிறார்கள். ஜோன் வெஸ்லி திராட்சை மதுவைத் தள்ளியவரல்லர். ஆனால் 1743இல் அவர் வகுத்த விதிகள் குடிவெறியையும், அவசியமின்றிச் சாராய வகைகளை வாங்குவது, விற்பது, குடிப்பதையும் தடுத்தன. முழு மதுவிலக்கு அவருக்குப் பிந்திய தலைமுறையின் வைராக்கியம். 1869இல் அமெரிக்க மெதடிஸ்தரான தோமஸ் வெல்ச் புளிக்காத பழச்சாறு தயாரித்தது திருவிருந்துக்காகத்தான்.

ஆகவே வேதம் தடுக்கிறதா என்று மட்டும் கேட்டால் விவாதம் முடியாது. ரோமாபுரி சபையில் ஒருவர் உண்டது மற்றவருக்கு இடறலானபோது, எதுவும் தன்னிலே தீட்டல்ல என்று ஒப்புக்கொண்ட பவுலே, சகோதரன் இடறுவானானால் மதுவை விட்டுவிடுவது நல்லது என்றார். அவர் சொன்னது விசுவாசிகளைப் பற்றி. அயலவருக்கும் அதை நீட்டிப் பார்ப்பது என் துணிவு. குர்ஆன் மதுவை விலக்கியிருப்பது நமக்குத் தெரியாததல்ல. இறைச்சியில் காட்டிய மரியாதை போத்தலில் ஏன் இல்லை?

இடறுகிறவர் நம் வீட்டிலேயும் இருக்கிறார். கசிப்பை ஒருவாறு விட்டுவிட்ட மாமாவைப் பின்வளவுக்குக் கூப்பிடுகிறவர்கள் அவருடைய சொந்த மருமக்களே. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதாகாதவருக்கு மது விற்கக் கூடாது. பின்வளவில் வயது கேட்பார் யார்? செலவையும் பாருங்கள். பந்தலுக்கும் பலகாரத்துக்கும் கணக்கு எழுதும் தாய்க்குப் போத்தல் கணக்கு மட்டும் காட்டப்படுவதில்லை. அடகு வைத்த நகையை மீட்கப் போகும்போதுதான் அது அவளுக்குத் தெரியவரும்.

பின்வளவுச் சத்தம் முன்பந்தலுக்குக் கேட்காது என்று வீட்டார் நினைக்கிறார்கள். வந்த முஸ்லிம் அயலவர் சாப்பிட்டு, மணமக்களை வாழ்த்தி, இருட்டுமுன் எழுந்து போவது அதனால்தான்.