வாவியின் அடியிலே ஒரு சாட்சி

மட்டக்களப்பு வாவியைப் பாலத்தின்மீது நின்று பார்ப்பவர்க்கு அது ஒரே நீர்ப்பரப்பு. தோணியில் இறங்கியவர்க்கோ அது இரண்டு. தை மாதத்து விடியற்காலை ஒன்றிலே, மாணவர் நால்வருடன் நாம் கல்லடிப் பக்கம் நீர் மாதிரி எடுக்கச் சென்றிருந்தோம். ஒருவன் ஆர்வ மிகுதியால் கையை நீட்டிப் போத்தலை நிறைத்துவிட்டான். தோணி வலித்த முதியவர் சிரித்தார்.

"மேலால அள்ளினா மழைத்தண்ணிதான் வரும், மனே. கடல் கீழ கிடக்கு."

அவர் நூல் கற்றவர் அல்லர். ஆயினும் நூல் கூறுவதும் அதுவே. பாலமீன்மடுவிலே முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களிற் பாரம் மிக்க உவர்நீர் அடியால் உட்புகும். மாரிமழை கொணர்ந்த நன்னீர் அதன்மேற் படுத்திருக்கும். நாம் வெறும் போத்தலொன்றிலே கல்லைக் கட்டி, தக்கைக்கு ஒரு நூலும் கட்டி, இரண்டு மீற்றர் ஆழத்துக்கு இறக்கி, நூலைச் சுண்டினோம். வந்த நீரில் நீரமானியை இட்டபோது, மேல்நீரில் ஆழ்ந்து நின்ற அது, இதில் எழும்பி மிதந்தது. பையன் தான் அள்ளிய போத்தலைச் சத்தமின்றி வெளியே கவிழ்த்தான்.

ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது இவ்வாவி. படுவான்கரையிலே வயல்கள், எழுவான்கரையிலே நெருங்கிய ஊர்கள். வயலுக்கு இட்ட உரத்தில் எஞ்சியதும், தெளித்த நஞ்சில் மிஞ்சியதும், ஊர்க் கழிவும் ஈற்றில் இறங்கும் பள்ளம் இதுவே. திரளியும் இறாலும் நண்டும் பிடித்து அடுப்பெரிக்கும் குடும்பங்கள் இரு கரையிலும் உள. ஆதலின் இந்நீர் நலமாக உள்ளதா என்பது ஏட்டுக் கேள்வி அன்று. அதற்குப் பிழையான விடை சொல்லுவதோ மிக எளிது. நாமே ஒருமுறை சொல்லியிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், கரையோரக் குடாவொன்றிலே மீன்கள் செத்து மிதந்தன. யாரோ நஞ்சு கலந்துவிட்டனர் என்று ஊரிலே பேச்சு எழுந்தது. ஒரு கரையார் மறுகரையாரை நோக்கி விரல் நீட்டினர். நாம் நண்பகலிலே போய், கரையில் நின்றபடியே நீர் அள்ளி வந்து சோதித்தோம். ஒட்சிசன் நிறைய இருந்தது. நீரிலே மூச்சுக் குறைவில்லை என்று கூறினோம். நஞ்சு என்ற பேச்சுக்கு அது நெய் வார்த்தது போலாயிற்று. பிறகுதான் ஒரு மீனவர், "விடியச் சாமத்திலதான் மீன் வாய் பிளந்து மேல வருது, சேர்" என்றார். எமக்கு முகம் சுருங்கிற்று. பாசி மிகுந்த நீரிலே பகலில் வெயில் இருக்கும்வரை ஒட்சிசன் பெருகும். இரவிலே அப்பாசியே அதனை உண்டுவிடும். சூரியன் எழுமுன்னே அளப்பவன்தான் மீனின் இடரை அறிவான்.

மறுநாள் இருட்டோடு போய் அடிநீர் எடுத்தோம். கல் கட்டிய போத்தல் இதற்கு உதவாது. அது நிறையும்போதே காற்றுக் குமிழி கலந்து நீர் பொய் சொல்லும். இரு முனையும் திறந்த குழாயை இறக்கி, ஆழத்திலேயே மூட வேண்டும். அந்நீரைச் சிறு போத்தலிலே குமிழியின்றி நிரப்பி, மங்கனீசு சல்பேற்றையும் காரங்கலந்த அயடைட்டையும் அங்கேயே சேர்த்தோம். 1888இல் அங்கேரி நாட்டு விங்கிளர் வகுத்த முறை இது. ஒட்சிசன் இருந்தால் கபில நிற வீழ்படிவு தோன்றும். எங்கள் போத்தலிலே தோன்றியது ஏறக்குறைய வெள்ளை. இளஞ்சூடான நன்னீர் லீற்றருக்கு 7 மில்லிகிராமுக்கு மேலும் ஒட்சிசன் ஏந்தக்கூடியது. 2க்குக் கீழ் இறங்கினால் பெரும்பாலான மீன்களுக்கு மூச்சுத் திணறும். அன்று நியமித்துப் பார்த்தபோது 1 கூட இருக்கவில்லை. விரல் நீட்டியவர்களிடம் போய் நாமே பிழையை ஒப்புக்கொண்டோம். சிலர் நம்பினர்.

நீர் இன்றைய செய்தியை மட்டுமே சொல்லும். பழைய கணக்கு அடியிலுள்ள சேற்றிலே இருக்கிறது. வாவியின் அடியைக் கிளறுவது இங்கு புதிதுமன்று. 1848இல் இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற், இவ்வாவியின் இசையொலியைத் தேடி வந்தபோது, அது ஊரியின் குரல் என்று மீனவர் சொல்ல, அவர்களை அனுப்பி உயிருள்ள ஊரிகளை எடுப்பித்துப் பார்த்தார்.

அடையலிலும் இடமறிந்து எடுத்தல் வேண்டும். முகத்துவாரத்து வெண்மணலை அள்ளி, "மாசில்லை" என்று எழுதினால் அதுவும் பொய்ச்சாட்சியே. ஈயம், இரசம், பூச்சிநஞ்சு என்பவை மணலிலே அதிகம் தங்கா, நுண்களியிலேதான் ஒட்டும். கண்டல் நிழலிலே, நீர் அசையாத இடத்திலே குழாயை நேராக அழுத்தி எடுக்க வேண்டும். மேற்படை அண்மைக் காலம். கீழே போகப்போக முன்னோர் காலம். அணுகுண்டுச் சோதனைகளால் உலகெங்கும் வீழ்ந்த சீசியம் 1963இல் உச்சமுற்றதால், அதன் மிகுதி காணும் படை அவ்வாண்டைக் காட்டும். அம்பாந்தோட்டையிலுள்ள கரகன் களப்பின் சேற்றிலே, 2004க்கு நெடுங்காலம் முந்திய ஆழிப்பேரலைகள் இட்டுச்சென்ற மணற்படைகளையும் ஆய்வாளர் கண்டுள்ளனர்.

சேற்றை மறந்தால் நேர்வதை யப்பானின் மினமாற்றா காட்டிற்று. அங்கே இரச நோய் 1956இல் வெளிப்பட்டது. ஆலை இரசத்தை விடுவது 1968இல் நின்றது. ஆனால் குடாவின் அடியிலே அது கிடந்தது. 1977 முதல் 1990 வரை சுமார் 15 இலட்சம் கன மீற்றர் சேற்றை அள்ளி அடைக்க நேர்ந்தது.

நாம் தை மாதத்தில் எடுத்த குழாய் எம் மேசையிலே நிற்கிறது. மேலே நான்கு விரற்கடை கரிய சேறு, கூழ்முட்டை மணத்துடன். கீழே சாம்பல் நிறக் களி. கரிய படை எந்த ஆண்டிலே தொடங்கிற்று என்று மாணவன் கேட்கிறான். அதைக் கணிக்க இன்னும் மூன்று இடத்துச் சேறாவது வேண்டும். முகத்துவாரம் மண்மூடியபின் ஆவணியிலே போகவுள்ளோம். முதியவர் தோணி தர இசைந்துவிட்டார்; நாலு மணிக்கே துறையில் நிற்கவேண்டும் என்பது அவர் கட்டளை.