பிடித்தால் சிறை! தோட்டக் குளத்தில் ஒரு விசித்திரப் பிராணி

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்தில் சிறு குளம் வெட்டுவது பலருக்குப் பிரியமான பொழுதுபோக்கு. மீன் வளர்ப்பதற்காக அல்ல. தவளை, தட்டான், நீர்ப்பூச்சி எல்லாம் தாமாக வந்து தங்கட்டும் என்பதற்காகத்தான். அப்படி வெட்டிய குளத்துக்கு அழையா விருந்தாளியாக இன்னொரு பிராணியும் வந்து சேருகிறது. பல்லியின் உருவம், செதில் இல்லாத மெல்லிய தோல், தட்டையான வால்! அதன் பெயர் "நியூட்".

தமிழ்நாட்டில் இந்தப் பிராணி கிடையாது. இந்தியாவில் இதன் உறவினரைப் பார்க்க வேண்டுமானால் டார்ஜிலிங் போன்ற மலைப் பிரதேசங்களுக்குத்தான் போகவேண்டும். தவளைக்கு இது பங்காளி முறை. வளர்ந்த தவளைக்கு வால் இல்லை. இதற்குக் கடைசி வரை வால் உண்டு.

வந்திருப்பது எந்த நியூட் என்பதை வீட்டுக்காரர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். காரணம், சட்டம்! பிரிட்டனுக்கே உரிய நியூட்கள் 3 வகை. அவற்றில் "பெருங்கொண்டை நியூட்" என்பதை லைசென்சு இல்லாமல் பிடித்தாலும் குற்றம். அதன் இருப்பிடத்தை அழித்தாலும் குற்றம். 1981-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதற்குக் காவல் நிற்கிறது. இங்கிலாந்தில் 6 மாதம் வரை சிறை. அபராதத் தொகைக்கோ உச்சவரம்பே இல்லை! மற்ற இரண்டு வகைகளுக்கு இவ்வளவு பந்தோபஸ்து இல்லை. அவற்றை விற்பதற்குத்தான் தடை.

ஆகவே, கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து இனம் காணலாம் என்று நினைப்பது ஆபத்து. வசந்தகாலத்தில், நன்றாக இருட்டிய பிறகு, கரையில் நின்றபடி ஓரிரு நிமிடம் டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தால் போதும். நியூட்கள் ஆண், பெண்ணாக நீருக்கடியில் உலாவும்.

கொண்டை சொல்லும் சேதி

பெருங்கொண்டை நியூட் சுமார் 6 அங்குல நீளம். கருத்த உடம்பு, தோல் முழுவதும் பரு பருவாகச் சொரசொரப்பு. வயிறு மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், அதில் கரிய திட்டுகள். நம் கைரேகையைப் போல, ஒன்றின் திட்டுகள் மற்றொன்றுக்கு இராது! இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் முதுகில் ரம்பப் பல் போன்ற கொண்டை எழும்பி நிற்கும்.

பலர் ஏமாறுவது இந்தக் கொண்டையைப் பார்த்துத்தான். தோட்டங்களில் சர்வ சாதாரணமாகக் காணப்படும் வழவழப்பு நியூட்டின் ஆணுக்கும் கொண்டை உண்டு. அதைப் பார்த்ததும், "சட்டம் காக்கும் பிராணி வந்துவிட்டது!" என்று பதறுகிறார்கள். பதற வேண்டியதில்லை. வழவழப்பு நியூட் 4 அங்குலத்துக்கு மேல் வளருவது அபூர்வம். அதன் கொண்டை, தலையிலிருந்து வால் வரை அலை அலையாக ஒரே ஓட்டமாக ஓடும். பெருங்கொண்டை நியூட்டுக்கோ வால் ஆரம்பிக்கும் இடத்தில் கொண்டை அறுந்து, மறுபடி தொடங்கும்.

மூன்றாவது, சவ்வுக்கால் நியூட். உருவத்தில் இதுதான் சிறியது. ஆணின் பின்னங்கால் விரல்களுக்கிடையே வாத்துக்கு இருப்பதைப் போன்ற கரிய சவ்வு. வால் நுனியில் மெல்லிய நூல் ஒன்று தொங்கும். ஆணை அடையாளம் காண்பது சுலபம். பெண்ணைக் காண்பதுதான் கஷ்டம்! இதன் பெண்ணும் வழவழப்பு நியூட்டின் பெண்ணும் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும். தொண்டையைப் பார்க்க வேண்டும். புள்ளிகள் இருந்தால் பெரும்பாலும் வழவழப்பு நியூட். புள்ளியே இல்லாமல் வெளுத்த இளஞ்சிவப்பாக இருந்தால் சவ்வுக்கால் நியூட்.

வெயில் காலம் முடியும்போது கொண்டைகள் வற்றிவிடும். நியூட்கள் கரையேறிக் கல்லடியிலும் மரக்கட்டை அடியிலும் புகுந்துகொள்ளும். அப்போது கல்லைப் புரட்டுகிறவர்கள் "பல்லி!" என்கிறார்கள். பல்லி இனமானால் கண் இமைப்பதற்குள் ஓடிவிடும். நியூட் மெதுவாக ஊர்ந்து நகரும். அதற்குச் செதிலும் இல்லை, நகமும் இல்லை.

மடித்த இலைக்குள் முட்டை

பெண் நியூட் முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். நீர்ச்செடியின் இலையைப் பின்னங்கால்களால் மடித்து, வெற்றிலைச் சுருள் போல முட்டையை உள்ளே வைத்து ஒட்டிவிடும். பெருங்கொண்டை நியூட்டின் முட்டை வெண்மையும் மஞ்சளும் கலந்தது. மற்றவை பழுப்பு நிறம். இதைக்கொண்டும் இனம் காணலாம் என்றாலும், ஆவலில் இலைகளைப் பிரிக்கக் கூடாது. பிரித்த முட்டை பூச்சிக்கும் மற்றப் பிராணிகளுக்கும் இரையாகிவிடும். ஏற்கெனவே பெருங்கொண்டை நியூட்டின் முட்டைகளில் பாதி, குரோமோசோம் கோளாறினால் குஞ்சு பொரியாமலே அழிகின்றன. இயற்கையே பாதியை எடுத்துக்கொண்ட பிறகு, மனிதனும் கை வைப்பது கொடுமை அல்லவா?

இந்தச் சிறு ஜந்து பிரதம மந்திரியின் வாயிலும் புகுந்தது! நியூட்களை எண்ணிக்கொண்டிருப்பதால் கட்டட வேலைகள் தாமதமாகின்றன என்று 2020-ல் டட்லி நகரில் பேசியபோது போரிஸ் ஜான்சன் குறைப்பட்டார். ஆனால் இன்று பிராணியைக் கண்ணால் காணாமலே கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. குளத்து நீரைக் கொஞ்சம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், அதில் கலந்துள்ள டி.என்.ஏ. துணுக்குகளைக் கொண்டு பெருங்கொண்டை நியூட் அங்கே இருந்ததா என்று சொல்லிவிடுகிறார்கள்.

குளத்தைத் தூர் வார நினைக்கும் வீட்டுக்காரருக்கு இலையுதிர் காலத்தின் கடைசிதான் ஏற்ற சமயம். பெரும்பாலான நியூட்கள் அப்போது கரையில் உறங்கப் போயிருக்கும். வந்திருப்பது பெருங்கொண்டை நியூட் என்று தெரிந்தால், மண்வெட்டியை எடுக்கும் முன்பே அதிகாரிகளைக் கேட்டுக்கொள்வது நல்லது.