மானமுள்ளவர்களைத் தேடிவரும் திருடர்கள்

முதியவர்கள் தொலைபேசி வழியே வஞ்சிக்கப்பட்டு ஆயுட்காலச் சேமிப்பை இழந்த செய்தியைப் படிக்கும்போதெல்லாம், புதிய கருவிகளைக் கையாளத் தெரியாத அறியாமையே அதற்குக் காரணம் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இது அநியாயமான தீர்ப்பு. 2024 ஆகஸ்டு மாத இறுதியில், லூதியானா நகரில், பெரும் நூற்பாலைகளை நடத்திவரும் வர்த்தமான் குழுமத்தின் தலைவரும் பத்மபூஷண் விருது பெற்றவருமான எஸ். பி. ஓஸ்வால் என்னும் 82 வயதுப் பெரியவரை, சி.பி.ஐ. அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்ட ஒரு கூட்டம் வீடியோ அழைப்பிலேயே இராப்பகலாகக் காவலில் வைத்து, உச்ச நீதிமன்றம் போன்றதொரு காட்சியையும் தலைமை நீதிபதியாக நடித்த ஒருவனையும் சிருஷ்டித்துக் காட்டி, ஏழு கோடி ரூபாயை அபகரித்துக்கொண்டது. வியாபாரமும் நிர்வாகமும் ஆயுள் முழுதும் பழகிய ஒருவரை உலகம் அறியாதவர் என்று யார் சொல்லத் துணிவார்?

இத்திருடர்கள் கருவியாக எடுத்துக்கொள்வது முதியவர்களின் அறியாமையை அன்று; அவர்களுடைய நற்குணங்களை. சர்க்கார் உத்தியோகஸ்தர் கேட்டால் நின்று பதில் சொல்ல வேண்டும் என்னும் மரியாதை, போலீஸ்காரர் வாசற்படி ஏறினாலே குடும்பத்துக்குத் தலைகுனிவு என்னும் கௌரவ உணர்ச்சி, யாருக்கும் பாக்கி வைக்கலாகாது என்னும் நாணயம், தூர தேசத்தில் உழைக்கும் பிள்ளைகளைத் தொந்தரவு செய்யலாகாது என்னும் பரிவு ஆகிய இவையே அவர்கள் பற்றியிழுக்கும் கயிறுகள். ‘இன்று இரவு ஒன்பதரை மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று வரும் குறுஞ்செய்தி, பில்லை நாள் தவறாமல் கட்டிவருகிறவரைத்தான் அதிகமாகப் பதறச் செய்கிறது. ‘உங்கள் பெயரில் சென்ற பார்சலில் போதைப்பொருள் இருந்தது’ என்னும் குரலோ அதைவிடக் கொடியது. ஏனெனில் அது, அறைக் கதவைத் தாழிடுங்கள், அழைப்பைத் துண்டிக்காதீர்கள், மனைவியிடமும் மூச்சுவிடாதீர்கள் என்று படிப்படியாகக் கட்டளையிட்டு, பக்கத்து அறையில் உறவினர் இருக்கும்போதே அந்த மனிதரை உலகில் தனித்தவராக்கிவிடுகிறது. நம் சட்டத்தில் ‘டிஜிட்டல் கைது’ என்பதாக ஒன்று கிடையாது. 2024 அக்டோபர் 27ஆம் தேதி தமது வானொலி உரையில் பிரதமரே இதை எடுத்துச் சொன்னார். எந்தப் போலீஸ் அதிகாரியும் எந்த நீதிபதியும் வீடியோ அழைப்பில் ஒருவரைக் காவலில் வைப்பதோ, விசாரணைக்காக அவர் பணத்தை வேறொரு கணக்குக்கு மாற்றச் சொல்வதோ இல்லை.

அந்தக் குரலை நம்பவைப்பது மிரட்டல் மட்டுமன்று. நம் முழுப்பெயரையும் விலாசத்தையும் ஆதார் எண்ணையும் அது பிழையில்லாமல் ஒப்பிக்கும்போதுதான் எதிர்க்கத் தெம்பிருந்தவரும் தளர்ந்துபோகிறார். அவை திருடர்கள் கையில் எவ்வாறு சேர்ந்தன? ஜெராக்ஸ் கடையின் கணினியில் நீக்கப்படாமல் கிடக்கும் பிரதிகளும், எதற்கெடுத்தாலும் கையெழுத்திட்டுக் கொடுக்கும் நகல்களும், வாட்ஸ்அப்பில் கைமாறும் புகைப்படங்களும் எத்தனையோ வழிகளைத் திறந்துவைத்திருக்கின்றன. எட்டு இலக்கங்களை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் ஆதார் நகலைச் சட்டபூர்வமாகவே பதிவிறக்கிக்கொள்ளலாம் என்பதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. விரல்ரேகையின் கதை இன்னும் விசாரத்துக்குரியது. பத்திரப்பதிவு ஆவணங்களிலிருந்து ரேகையைப் பிரதியெடுத்து, ஆதார் வழிப் பணப்பட்டுவாடா முறையில், ஓ.டி.பி. எதுவும் கேட்கப்படாமலே, வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்த சம்பவங்கள் 2023இல் கர்நாடகத்தில் வெளிப்பட்டன. கடவுச்சொல் களவு போனால் வேறொன்றை வைத்துக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது. ஆதலால், ஆதார் ஆணையத்தின் செயலியிலோ இணையதளத்திலோ ரேகையைப் பூட்டிவைத்து, தேவைப்படும்போது மட்டும் திறந்துகொள்வது அவசியமான முன்ஜாக்கிரதை.

இந்தச் சந்தர்ப்பத்தில் நினைவுகூர வேண்டிய ஒரு முதியவர் உண்டு. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி, 2012ஆம் ஆண்டு, தமது 86ஆம் வயதில், ஆதார்த் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் பயனாகவே, 2017 ஆகஸ்டு 24ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் பிரஜைகளின் அடிப்படை உரிமை என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்படுவதற்கும் அத்தீர்ப்பே அஸ்திவாரம். 2024 அக்டோபரில், 98ஆம் வயதில், அவர் காலமானார். ‘இந்த வயதில் எனக்கு எதற்கு இந்த ரகசியமெல்லாம்?’ என்று அலுத்துக்கொள்ளும் பெரியவர்களிடம் நான் இவரைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

அன்றாட விஷயங்களில் இரண்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். யு.பி.ஐ. ரகசிய எண் பணம் அனுப்புவதற்கும் கணக்கிருப்பைப் பார்ப்பதற்குமே உரியது. பணம் பெறுவதற்கு அதை இடச் சொல்பவன் எவனாயினும் திருடனே. ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் அளிக்கும் உயிர்வாழ் சான்றுக்காக எந்த அலுவலகமும் தானே தொலைபேசியில் கூப்பிட்டு ஓ.டி.பி. கேட்பதில்லை.

இவ்வளவுக்கும் பின் பணம் பறிபோய்விட்டால், முதல் சில மணி நேரமே பிரதானம். சைபர் குற்றப் புகார்களுக்கான 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவித்தால், பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே இடைவழியில் முடக்க ஏற்பாடு உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையும் காலத்தையே அளவுகோலாக வைத்தது: வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாமல் மூன்றாமவரால் நேர்ந்த நஷ்டத்தை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை, ரகசிய எண்ணைத் தாமே சொல்லிவிட்டிருந்தாலும், தெரிவித்தபின் நேரும் நஷ்டம் வங்கியைச் சேர்ந்தது. ஓஸ்வால் உடனே போலீசிடம் சென்றதால் ஐந்தேகால் கோடி ரூபாய் மீட்கப்பட்டது. ஆயினும் நம் வீடுகளில், ‘உங்களுக்கு எத்தனை தடவை சொன்னேன்?’ என்று மகன் கேட்பானே என்ற பயத்திலேயே அந்த மணி நேரங்கள் வீணாகின்றன. அந்தக் கேள்வியைக் கேட்காமலிருப்பதற்குப் பிள்ளைகள் இன்றே, ஒன்றும் நேராத நாளிலேயே, பெற்றோரிடம் வாக்குக் கொடுக்க வேண்டும்.

அம்பாலா நகரத்தைச் சேர்ந்த 73 வயது மாது ஒருவர், நீதிமன்ற உத்தரவுகள் போன்ற போலிக் காகிதங்களைக் காட்டி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் தம்மிடம் பறிக்கப்பட்டதை வெட்கத்தால் மறைக்காமல் உச்ச நீதிமன்றத்துக்கே கடிதம் எழுதினார். 2025 அக்டோபரில் நீதிமன்றம் அதனைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. டிசம்பர் முதல் தேதியன்று, நாடெங்கும் நடந்த ‘டிஜிட்டல் கைது’ மோசடிகளை விசாரிக்குமாறு சி.பி.ஐ.க்கு உத்தரவிட்டதோடு, அப்பணம் போய்ச்சேர்ந்த கணக்குகளைத் திறந்துகொடுத்த வங்கி ஊழியர்களின் பங்கையும் ஆராயும் அதிகாரத்தை அதற்கு அளித்தது.