சம்பளம் வேறு, பங்கு வேறு



தோட்டத்தில் பிறந்து படித்து முன்னேறிய பிள்ளைகள் சிங்கப்பூரில் புதிதாகத் தொடங்கிய சிறு நிறுவனங்களில் வேலைக்குச் சேர்கிறார்கள். அங்கே முதலாளி, "நீங்களும் கொஞ்சம் பணம் போடுங்கள், பங்குதாரர் ஆகலாம்" என்று கேட்பதுண்டு. உடனே ஊருக்குத் தகவல் வரும். அம்மாவின் நகை அடகுக்குப் போகும். அதற்கு முன் குடும்பத்தார் அறிய வேண்டியவை சில உண்டு.

முதலாவது, தொழிலாளிக்குள்ள பாதுகாப்பு பங்குதாரருக்கு இல்லை. சம்பளக் காலம் முடிந்து 7 நாட்களுக்குள் சம்பளம் தரவேண்டும் என்பது சிங்கப்பூர்ச் சட்டம். தராவிட்டால் முறையிட, 2017 முதல் வேலை நியமனக் கோரிக்கை மன்றம் இயங்குகிறது. பங்குப் பணம் சம்பளமன்று. அதற்காக அந்த மன்றத்தை நாட இயலாது. இலாபம் வந்தால்தான் பங்குக்கு ஈவு கிடைக்கும். நிறுவனம் நொடித்துப்போனால், பாக்கிச் சம்பளத்துக்கு ஒரு வரம்புவரை முன்னுரிமை உண்டு. பங்குதாரரோ, கடன்காரர் அனைவருக்கும் கொடுத்தது போக மிஞ்சியதைப் பெறுபவர். ஒரே ஆள்தான், ஒரு வரிசையில் முன்னே நிற்கிறார், மற்றொன்றில் கடைசியில் நிற்கிறார்.

இரண்டாவது, "சம்பளத்துக்குப் பதில் பங்கு தருகிறேன்" என்றால் ஏற்கலாமா? கூலிக்குப் பதில் சாமான் கொடுத்து ஏய்த்த காலம் ஒன்று இருந்தது. பிரிட்டனில் 1831ஆம் ஆண்டுச் சட்டம் பல தொழில்களில் அதைத் தடுத்தது. சிங்கப்பூரின் 1968ஆம் ஆண்டு வேலை நியமனச் சட்டமும் சம்பளத்தைப் பணமாகவே கொடுக்கச் சொல்கிறது. பங்கு சம்பளத்துக்கு மேல் வரலாம். சம்பளத்தின் இடத்தில் வரலாகாது.

மூன்றாவது, "பணம் போட்டால்தான் வேலை" என்று வெளிநாட்டு ஊழியரிடம் கேட்பது குற்றம். அதற்கு 30,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இப்படிக் கேட்டால் மனிதவள அமைச்சிடம் புகார் செய்யலாம்.

நான்காவது, விருப்பத்துடன் பணம் போடுவதாயிருந்தால், அது கடனா பங்கா என்பது எழுத்தில் இருக்கவேண்டும். வெறும் ரசீது பங்காகாது. தனியார் நிறுவனங்களின் பங்குதாரர் பதிவேடு 2016 முதல் அக்ரா என்னும் அரசு அமைப்பிடம் மின்வடிவில் இருக்கிறது. அதில் பிள்ளையின் பெயர் ஏறியதா என்று பார்க்கவேண்டும்.

சிராங்கூன் சாலையில் வாங்கிய சங்கிலியை அவசரத்துக்கு மறுநாளே விற்கலாம். தனியார் நிறுவனப் பங்கை அப்படி நினைத்தபடி விற்க இயலாது. வேலையை விட்டால் பங்கு என்னவாகும், யார் வாங்குவார், என்ன விலைக்கு என்பதைக் கையெழுத்திடுமுன் படித்தறிவது அவசியம்.

அமெரிக்காவில் என்ரான் என்ற மாபெரும் நிறுவனம் 2001 டிசம்பரில் திவாலானது. ஓய்வுக்காலச் சேமிப்பை அந்நிறுவனத்தின் பங்குகளிலேயே வைத்திருந்த ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலையையும் சேமிப்பையும் ஒருசேர இழந்தனர். பெரிய நிறுவனத்துக்கே அக்கதி என்றால், நேற்று முளைத்ததைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

எனவே, போனாலும் அடுப்பு எரியும் என்ற அளவுக்கு மட்டும் பணம் போடுங்கள். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்காதீர்கள்.